எட்டு என்று எழுதினேன்

யூனியன் பிளேஸ், ஆறாம் மாடி, இரவு ஒன்று இருபது.
கீழே காவலுக்கு இருக்கும் சோமதிலக்க
என் ஸ்வெட்டரைப் பார்த்துச் சிரிப்பார்:
கொழும்பில் யாருக்கு மிஸ் குளிர்?
மேலே வந்து பாருங்கள் என்பேன்.
வரமாட்டார்.

வங்கி தந்த அவகாசம் நான்கு மணிவரை.
ஒரு சேர்வர். அதற்குள் எட்டு மெஷின்கள்,
உடம்பில்லாதவை.
நெற்வேர்க் கார்ட் ஒன்றே ஒன்று.
இதுவரை எல்லாம் ஒரே வாசலில் வரிசையில் நின்று
ஹோஸ்டின் கையால் வாங்கிக் குடித்தன.
சம்பள நாளில் வாசல் அடைத்துப்போகும்.

பயோஸுக்குள் போய் இரண்டு பூட்டுகளைத் திறந்தேன்.
பிறகு ஒரு சின்னக் கோப்பு.
உள்ளே பூச்சியம் என்று இருந்தது.
அதை அழித்து எட்டு என்று எழுதினேன்.

அவ்வளவுதான்.
விசிறிகூடச் சத்தத்தை மாற்றவில்லை.
பட்டியலைக் கேட்டால்
ஒரு கார்ட் இருந்த இடத்தில்
அதுவும், அதன் எட்டுத் துண்டுகளும்,
ஒவ்வொன்றும் தான்தான் முழுக் கார்ட் என்ற நினைப்பில்.

வெள்ளவத்தையில் மரியநாயகம் அங்கிள்
இதைத்தான் பிளைவுட்டால் செய்தார்.
ஒரு ஹோல், நான்கு அறை.
நாற்பத்தேழின் கீழ் மூன்று ஏ, மூன்று பீ, அப்படியே டீ வரை.
ஆளுக்கொரு மணி, ஆளுக்கொரு குட்டி மீற்றர்,
தண்ணீர் மட்டும் ஒரே குழாய்.
கடிதம் சரியான கதவுக்கடியில்தான் வந்து விழும்.
நாங்கள் மூன்று பீ.
பக்கத்து அறை இருமினால் எங்கள் கலண்டர் ஆடும்.

கார்டின் சுவர் இதைவிட நல்லது, ஒப்புக்கொள்கிறேன்.
ஒன்றின் நினைவகத்தை மற்றது தொடவே முடியாது.
முகவரிகள் நான் கொடுத்தவை;
எந்த மெஷினாவது வேறு பெயரில் பேசினால்
கார்டே அந்தப் பொட்டலத்தைக் கீழே போட்டுவிடும்,
ஐடென்டிட்டி கேட்காமல்,
பொலிஸைக் கூப்பிடாமல்.

ஏழாவது மட்டும் எழும்பவில்லை.
இருபது நிமிடம் தேடினேன்.
ஹோஸ்டின் டிரைவர் முந்திக்கொண்டு
அதைப் பிடித்து வைத்திருந்தது,
வாடகைக்கு விட்ட அறையிலும்
தன் அலுமாரியை வைத்திருக்கும் வீட்டுக்காரர் மாதிரி.
பிடியைக் கழற்றி மெஷினிடம் கொடுத்தேன்.
ஏழாவதுக்கென்று தனி விளக்கு கிடையாது.
மறுமுனையிலிருந்து ஒரு பதில் வந்தது,
அதை வைத்துத்தான் தெரியும்.

பஸ்மில் பிளேன் ரீயோடு வந்தான்.
இனி இதுகளை ஓட ஓட
வேற சேர்வருக்கு மாத்தேலாது, என்ன?
ஏலாது என்றேன்.
கையில் கார்டின் துண்டு இருக்கிறது.
கையில் ஒன்றும் இல்லாததைத்தான்
உயிரோடு இடம்பெயர்க்கலாம்.
கையேட்டில் உள்ள சொல்லுக்கு என் தமிழ் அது.
அவன் சிரித்தான்.
பகிடி என்று நினைத்திருப்பான்.

எங்களை ஆறு தரம் மாற்றினார்கள்.
ஐந்து தரம் அம்மாவின் தையல் மெஷினை
அப்பா சைக்கிளில் கட்டி உருட்டினார்.
ஆறாம் தரம் சைக்கிளும் இல்லை, அப்பாவும்.
அவள் மெஷினைப் பிடித்தபடி
வரமாட்டேன் என்று இருந்துவிட்டாள்.
தலையை மட்டும் கழற்றினோம்.
உரப்பையில் சுற்றினோம்.
இரும்புக் கால் அங்கேயே நின்றது,
கழற்றிய கை பட்டு
மிதிபலகை ஆடிக்கொண்டு.

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்க
எட்டும் பதில் சொல்லின.
அடுத்து வருபவருக்குக் குறிப்பு எழுதினேன்:
மாற்ற வேண்டி வந்தால் முதலில் கார்டைக் கழற்றவும்.
மெஷின் கொஞ்ச நேரம் ஊமையாகும்.
பயப்பட வேண்டாம்.
கடைசி வரியை அழித்தேன். பிறகு திரும்பப் போட்டேன்.

காலி வீதியில் முதல் பஸ், ஏழு பேர்.
மூன்று பீயில் விளக்கு எரிகிறது.
மெஷின் தலையை மேசையில் திருகி
மோட்டர் பூட்டியிருக்கிறாள் அம்மா.
பள்ளிக்கூடச் சட்டை பதினாறு,
ஏழு மணிக்குள்.
அவள் மோட்டரை அழுத்தும்போதெல்லாம்
மூன்று ஏயின் விளக்கு மங்கும்.
பிளைவுட்டில் இரண்டு தட்டு.
அவளும் இரண்டு தட்டுகிறாள்,
துணியிலிருந்து கண்ணெடுக்காமல்.